சுய் போ மிதித்த வாசல்

மயிலம்மாளுக்குச் சீனரின் கண்டனீஸ் பாஷையில் தண்ணீர் கேட்கத் தெரியாது, வழி கேட்கத் தெரியாது. ஆனால் ஒரு மனிதருக்கு நேரம் சரியில்லை என்று சொல்ல அந்தப் பாஷையில் என்னென்ன வார்த்தை உண்டோ அத்தனையும் தெரியும். எல்லாமே அவளைப் பார்த்துச் சொல்லப்பட்டவை. அப்புறம் பாடம் ஏறாமல் எங்கே போகும்?

சொல்லிக்கொடுத்த புண்ணியவதி லீ சாம். லீ என்பது குடும்பப் பெயர், சாம் என்றால் சின்னம்மா மாதிரி. மலாயாவில், பெடாஸிலிருந்து உள்ளே தள்ளி, தோட்டத்தின் கடைசி ரப்பர் நிரை முடிகிற இடத்தில், ஆற்றோரமாக அந்தக் குடும்பம் கீரைக் கொல்லை போட்டிருந்தது. ஜப்பான்காரன் வந்த முதல் வருஷம் ஜெலுபு பக்கமிருந்து ராத்திரியோடு ராத்திரியாக ஓடிவந்தவர்கள். லீ சாம், அவள் புருஷன், மருமகள் யோக் லான், மூன்று பேர்தான். மகன் எங்கே என்று யாரும் கேட்கக்கூடாது. கேட்டால் செத்துப்போனான் என்பாள் லீ சாம். சொன்ன கையோடு காட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொள்வாள். தோட்டத்துச் சனம் புரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டது.

பால் மரம் வெட்டுவது, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பது, பாதிக்கு மேல் நின்றுபோயிருந்த காலம். வெள்ளைக்காரத் துரை கப்பலேறிவிட்டார். மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டு மரவள்ளி நடச் சொல்லிவிட்டான் ஜப்பான்காரன். மயிலம்மாள் லீ சாமின் கொல்லையில் மண்வெட்டப் போனாள். கூலி, ஒரு கட்டுக் கீரையும் நாலு கிழங்கும். இரண்டு ஆண்பிள்ளை வேலையை ஒருத்தியாகச் செய்வாள். உடம்பு அப்படி. நாற்பது வயதுக்குப் பனைமரம் மாதிரி நிமிர்ந்து நிற்பாள்.

அவள் போன முதல் நாளே பெண் பன்றி செத்தது. மறுவாரம் ஆறு பெருகி காங்கோங் கீரைப் பாத்தியையெல்லாம் அடித்துக்கொண்டு போனது. அடுத்த மாசம் ஜப்பான் சிப்பாய்கள் வந்து ஏழு வாத்துகளையும் கழுத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். லீ சாம் மூன்றையும் கூட்டிப் பார்த்து விடை கண்டுபிடித்துவிட்டாள்.

"நீ சுய் போ!" என்றாள்.

சுய் என்றால் ராசிகெட்டது. சுய் போ என்றால் ராசிகெட்ட பொம்பளை. அத்தோடு விட்டாளா? ஹாக் என்றாள். அது கறுப்பு, நேரம் கறுத்துப்போனவர்களுக்கும் அதே சொல்தான். எங்கே திரும்பினாலும் முட்டிக்கொள்கிறவர்களுக்கு 'தாவ் தாவ் போங் செக் ஹாக்' என்று ஒரு நீளமான பட்டம் இருக்கிறது, தலை போகிற பக்கமெல்லாம் கறுப்பிலேயே இடிக்கிறது என்று. அதையும் சூட்டினாள்.

"கறுப்புன்னா என்னா இப்ப?" என்றாள் மயிலம்மாள், மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு. "உன் பாத்தி மண்ணு வெள்ளையாவா இருக்கு? வெள்ளையா இருந்தா கீரை வெளையுமா, சொல்லு பார்ப்போம்?"

பாதி மலாய், பாதி சைகை, திட்டுவதற்கு மட்டும் அவரவர் பாஷை. அப்படித்தான் இருவரும் பேசிக்கொள்வார்கள். 'இந்த வருஷம் உன் முள்ளங்கி அழுகத்தான் போகுது' என்று மயிலம்மாள் வேண்டுமென்றே சொல்வாள். லீ சாம் துள்ளிக் குதித்து, "ச்சோய்! தாய் காட் லெய் சி!" என்று கத்துவாள். யாராவது வாய்தவறி அபசகுனமாகப் பேசிவிட்டால் அந்தப் பேச்சு பலிக்காமலிருக்க, எச்சில் துப்புகிற மாதிரி முதல் சொல்லையும், மங்கலத்துக்கு மற்றதையும் சொல்லவேண்டும். மயிலம்மாளுக்கு அதைக் கேட்பதில் ஒரு சந்தோஷம். ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது லீ சாமைத் துப்பவைக்காமல் வீடு திரும்பமாட்டாள்.

வெளியே சிரித்தாலும் உள்ளே அந்தச் சொல் தைத்தது. ஏன் தைத்தது என்றால், தோட்டத்துக் கூலிகள் வரிசையாகக் குடியிருந்த லயத்திலும் அதே பேச்சு தமிழில் நடந்துகொண்டிருந்தது.

மயிலம்மாள் மருத்துவச்சி. தோட்டத்து ஆஸ்பத்திரி ஒன்று இருக்கத்தான் செய்தது, ஆனால் பிள்ளை பெறுகிறவள் மயிலம்மாளைத்தான் கூப்பிடுவாள். அறுபத்துமூன்று பிள்ளைகளை அவள் கை வாங்கியிருக்கிறது. பெரட்டுக் களத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்க நிற்கும்போது, வரிசையில் பாதிப் பேரின் தொப்புள்கொடியை அறுத்தவள் அவள்தான். கட்டியவன் காய்ச்சலில் போனான், பெற்ற இரண்டும் பால்குடியிலேயே போயின. ஆனாலும், "நம்ம மயிலம்மா கைராசிக்காரி" என்று நாலு பேர் சொல்லும்போது அவள் முதுகு இன்னும் ஒரு விரற்கடை நிமிரும். அவளுக்கென்று இருந்த சொத்து அந்த ஒரு பேர்தான்.

அந்த வருஷம் அவள் வாங்கிய இரண்டு பிள்ளைகள் அடுத்தடுத்து செத்துப்போயின. ஒன்று மூன்றாம் நாள், ஒன்று பிறந்த அன்றே. தாய்மார்கள் மரவள்ளியையும் கீரையையும் தின்று எலும்பாகிக் கிடந்தால் பிள்ளை எப்படிப் பிழைக்கும்? ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்ட டிரெஸ்ஸர் மருந்துப் பெட்டியைப் பூட்டிக்கொண்டு சிரம்பானுக்குப் போய் மாசக்கணக்காகிவிட்டது. இதெல்லாம் யாருக்குத் தெரியாது? எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் சனங்கள் ஒருவர் காதை ஒருவர் கடித்தார்கள். மயிலம்மா கைராசி போயிருச்சு என்றார்கள். ஏழு மாசக் கர்ப்பிணியாக இருந்த மாரியம்மா, குழாயடியில் எதிரே வந்த மயிலம்மாளைப் பார்த்ததும் முந்தானையால் வயிற்றை மூடிக்கொண்டு ஒதுங்கினாள். மயிலம்மாள் குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டாள். அன்றைக்கு அவளுக்குக் கிழங்கு இறங்கவில்லை. அதற்குப் பிறகு யாரும் அவளைக் கூப்பிடவுமில்லை, அவளாகப் போகவுமில்லை. கூப்பிடாத வீட்டு வாசலை மிதிக்கிற புத்தி அவளுக்குக் கிடையாது.

இதற்கிடையில் யோக் லானுக்கு மாசம் ஏறிக்கொண்டே வந்தது. மகன் திரும்புவானோ மாட்டானோ, அந்த வயிற்றில் இருப்பதுதான் லீ சாமின் குடும்பத்துக்கு மிச்சம். அதனால் எல்லா ஏற்பாட்டையும் முன்கூட்டியே செய்துவைத்தாள். பிள்ளை பிடிக்க ரெம்பாவிலிருந்து ஒரு சீன மருத்துவச்சி. அதோடு இன்னொருத்தி: பெடாஸ் மளிகைக்கடைத் தவுக்கேயின், அதாவது சீன முதலாளியின், மனைவி. ஐந்து மகன் பெற்றவள், ஐந்தும் உயிரோடு இருக்கிறது, புருஷன் உயிரோடு இருக்கிறான், பல்கூட ஒன்று விழவில்லை. அவள் எதற்கு என்று மயிலம்மாள் கேட்டாள்.

லீ சாம் கையை ஆட்டி ஆட்டி விளக்கினாள். பிள்ளை பிறந்ததும் வெளியிலிருந்து அந்த வீட்டுக்குள் முதலில் காலெடுத்து வைக்கிற ஆள் யாரோ, அந்த ஆளின் குணம்தான் பிள்ளைக்கு வரும். அதிர்ஷ்டமும் அப்படியே வரும். பிறக்கும்போது உள்ளே இருப்பவர்கள் கணக்கில் இல்லை. பிறந்தபிறகு வாசலை மிதித்து வருகிறவர்தான் கணக்கு. ஆகவே நல்ல ஆளாகப் பார்த்து வரவழைக்கவேண்டும்.

"புள்ளை பொறந்த அன்னிக்கு நீ இந்தப் பக்கமே வராதே," என்றாள் முடிவாக. "நீ வந்தா எல்லாம் ஹாக்!"

"வந்துட்டாலும்!" என்றாள் மயிலம்மாள். "வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிட்டாலும் வரமாட்டேன், போ லா."

வலி வந்த நாள் காலையில் மயிலம்மாள் முள்ளங்கிப் பாத்திக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள். லீ சாமின் புருஷன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். முதலில் ரெம்பாவ், திரும்புகிற வழியில் பெடாஸ். அவர் உருவம் மரவள்ளிக்குள் மறைந்ததும் லீ சாம் வாசலில் நின்று மயிலம்மாளைப் பார்த்து, கொல்லையின் அடுத்த கோடியைச் சுட்டிக்காட்டினாள். அங்கே போய் நில்லு என்று அர்த்தம். மயிலம்மாள் போய் நின்றாள்.

பொழுது உச்சிக்கு வந்தது. போனவர் வரவில்லை. பாலத்தில் ஜப்பான்காரன் காவல் போட்டிருந்தால் ரெம்பாவ் போனவர் ரெம்பாவ்தான்.

கோடியில் நின்றாலும் காது சும்மா இருக்குமா? ஒவ்வொரு கத்தலையும் மயிலம்மாள் எடைபோட்டுக்கொண்டே மண்வெட்டினாள். முதலில் வந்தது ஊக்கமான கத்தல், அது நல்லது. பிறகு இடைவெளி குறைந்தது, அதுவும் நல்லது. பிறகு கத்தல் மாறியது. முக்கிப் பயனில்லாமல், வழியில்லாத இடத்தில் முட்டுகிற கத்தல். மயிலம்மாளின் கை மண்வெட்டியின் மேல் நின்றுவிட்டது. பிள்ளை நேராக இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

போகலாமா? கால் பரபரத்தது. ஆனால் நெஞ்சில் குழாயடியும், முந்தானையை இழுத்து மூடிய மாரியம்மாவும் வந்து நின்றார்கள். ஏற்கெனவே இரண்டு. இதுவும் போனால் மூன்று. மூன்றாவதும் போய்விட்டால், அதற்குப் பிறகு மலாயா முழுக்கத் தேடினாலும் தன் கையை நம்பி வயிற்றைக் காட்ட ஒரு பொம்பளை கிடைக்கமாட்டாள். யாரும் கூப்பிடவில்லை, தான் உண்டு தன் பாத்தி உண்டு என்று இருந்துவிட்டால் ஒரு குறையும் சொல்லமாட்டார்கள். எல்லாம் நியாயம்தான். ஆனால் அந்தக் கத்தலைக் கேட்டுக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நாலு முழத் தூரத்தில் வந்து நின்றாள். அதற்குமேல் வரவில்லை.

லீ சாம் வெளியே வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. தயவாகக் கேட்டுப் பழக்கமில்லாதவள், அப்போதும் கேட்கவில்லை. மயிலம்மாளின் கையைப் பார்த்து, "உன் கை சுத்தமா?" என்றாள்.

"கையைத் தண்ணி பார்த்துக்கும். என்னைக் கூப்பிடுறியா இல்லையா, அதைச் சொல்லு."

உள்ளேயிருந்து யோக் லான் ஒரு கத்தல் கத்தினாள்.

"கூப்பிடுறேன்," என்றாள் லீ சாம். "வா. கூப்பிடுறேன், வா!"

மயிலம்மாள் மண்வெட்டியை வீசிவிட்டு முழங்கை வரை சவுக்காரமில்லாமல் சாம்பலைப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். உள்ளே போய் வயிற்றில் கைவைத்ததும் விஷயம் புரிந்துவிட்டது. தலை மேலே, குண்டி கீழே. உட்கார்ந்தபடி வருகிற பிள்ளை. இப்படி அவள் நான்கு பார்த்திருக்கிறாள், நான்கில் மூன்று பிழைத்தது. நாலாவதை நினைக்கக்கூடாது என்று நினைப்பை அங்கேயே வெட்டினாள்.

யோக் லானை எழுப்பி வீட்டு நடுத்தூணைக் கட்டிப்பிடிக்க வைத்தாள். லீ சாமைப் பின்னாலிருந்து தாங்கச் சொன்னாள். "இழுக்காதே, இழுக்காதே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இந்த மாதிரிப் பிள்ளையை அவசரப்பட்டு இழுத்தால் தலை மாட்டிக்கொள்ளும். இடுப்பு வந்தது, கால்கள் வந்தன, உடம்பு தானாக இறங்கும்வரை அவள் கையைக் கீழே ஏந்திக்கொண்டு சும்மா இருந்தாள். சும்மா இருப்பதுதான் அதில் கஷ்டமான வேலை. கடைசியில் விரலை விட்டுப் பிள்ளையின் தாடையை நெஞ்சோடு மடக்கி, முதுகைத் தூக்கிப் பிடித்து, "இப்ப முக்குடி என் ராசாத்தி!" என்று தமிழிலேயே அதட்டினாள். யோக் லானுக்கு என்ன புரிந்ததோ, முக்கினாள்.

பெண் பிள்ளை. நீலமாகத் தொங்கியது. மயிலம்மாள் வாயிலிருந்த கோழையை உறிஞ்சித் துப்பினாள், முதுகைத் தேய்த்தாள், உள்ளங்காலில் சுண்டினாள். ஒரு சின்ன விக்கல். அப்புறம் அழுகை. அழுகையா அது? கொல்லைக் காவலுக்கு இருந்த நாய் எழுந்து ஓடியது.

மயிலம்மாளுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. இந்தா, இது அறுபத்துநாலு என்று மனசு சொன்னது.

கொடி அறுத்து, நஞ்சு முழுசாக விழுந்ததைப் பார்த்துவிட்டு எழுந்தாள். எழுந்து என்ன செய்தாள்? பதினெட்டு வருஷமாக ஒவ்வொரு பேறுகாலத்திலும் செய்ததைத்தான் செய்தாள். பிள்ளை வாங்கிய மருத்துவச்சி தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் மறுபடி தாயைத் தொடவேண்டும். அது அவர்கள் வழக்கம். தலை முழுகிவிட்டு வந்து தாயின் வயிற்றை அமுக்கிவிட்டு, பிள்ளையை மாரில் போட்டுவிட்டுத்தான் வீடு போவாள். லீ சாம் முகமெல்லாம் சிரிப்பாகக் கதவைத் திறந்துவிட, நடந்து ஆற்றுக்குப் போனாள். இரண்டு முங்கு முங்கினாள். மூன்றாவது முங்கில்தான் அவளுக்குச் சுரீரென்றது.

வெளியே வந்துவிட்டாளே! திரும்பி உள்ளே போனால், பிள்ளை பிறந்தபிறகு வெளியிலிருந்து வாசலை மிதிக்கிற முதல் ஆள் அவள்தானே!

இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வாய்விட்டுச் சிரித்தாள். லீ சாம் ஏன் அவ்வளவு சந்தோஷமாகக் கதவைத் திறந்துவிட்டாள் என்று இப்போது புரிந்தது. சரி, வாசலிலேயே நின்று, வயிற்றை எப்படி அமுக்குவது என்று லீ சாமுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்துக்கொண்டே ஈரப் புடவையோடு வந்தாள்.

லீ சாம் வாசலின் குறுக்கே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பேத்தி மடியில் இருந்தாள், கண் முழுக்கப் பாதையில் இருந்தது. பாதையின் கோடியில், மரவள்ளிச் செடிகளுக்கு மேலே, மஞ்சள் எண்ணெய்க் குடை ஒன்று அசைந்து அசைந்து வந்துகொண்டிருந்தது. முன்னால் கிழவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். மருத்துவச்சி இல்லை, தவுக்கே மனைவி மட்டும்தான். ஐந்து மகன்களின் தாய் அவசரப்பட்டு நடக்கிற ரகமில்லை.

மயிலம்மாள் லீ சாமின் தோளுக்கு மேலே உள்ளே பார்த்தாள். யோக் லானின் உதடு வெளுத்திருந்தது. கை பாயிலிருந்து தரையில் தொங்கியது. பாயின் ஓரத்தில் ரத்தம் குளமாகத் தேங்கித் தரையில் இறங்கிக்கொண்டிருந்தது.

"லீ சாம், உன் மருமவளைப் பாரு! ரத்தம் நிக்கல!"

லீ சாம் திரும்பிப் பார்த்து அலறினாள். அலறியபடியே எழுந்தவள், உள்ளே ஓடவில்லை. மயிலம்மாள் ஓர் அடி முன்னால் வைத்ததும் ஒரு கையால் பிள்ளையை அணைத்துக்கொண்டு மறு கையை வாசலில் குறுக்கே நீட்டினாள்.

"வேணாம்! நீ வேணாம்! அவ வந்துட்டா, பாரு, குடை தெரியுது! கொஞ்சம் பொறு!"

"அந்தக் குடை வர்றதுக்குள்ள இவ போயிருவா! வழி விடு!"

"நீ மிதிச்சா புள்ளை உன்னை மாதிரி ஆகும்! உன்னை மாதிரி சுய்! என் மகன் இல்லே, பன்றி இல்லே, ஒண்ணும் இல்லே, இது ஒண்ணுதான் இருக்கு!" லீ சாம் அழுதாள். பிடிவாதத்தில் அழவில்லை, பயத்தில் அழுதாள். மயிலம்மாளுக்கு அது தெரிந்தது. அந்தக் கையைத் தட்டிவிட்டுப் போக அவளுக்கு ஒரு நொடி போதும். ஆனால் தட்டிவிட்டுப் போனால், அந்தப் பிள்ளைக்குத் தும்மல் வந்தாலும் காலம் முழுக்க லீ சாம் இந்த நொடியைத்தான் நினைத்துக்கொள்வாள். கோபம் அவளுக்கு உச்சந்தலை வரை ஏறியது.

"என்னை மாதிரி ஆகட்டுமே! எனக்கு என்னடி குறை?" என்றாள். "பன்னெண்டு வயசுல கப்பல்ல வந்தேன், கூட வந்ததுல பாதி காய்ச்சல்ல போச்சு, நான் போகல. புருஷனைப் புதைச்சேன், ரெண்டு புள்ளையைப் புதைச்சேன், மறுநா காலையில நானூறு பால் மரம் வெட்டினேன். ஜப்பான்காரன் வந்தான், துரை ஓடிட்டான், நான் ஓடல. சுய்யா நான்? இந்தா நிக்கிறேன் பாரு, நல்லாப் பாரு! இந்தக் காலத்துல ஒரு பொம்பளைப் புள்ளைக்கு இதுக்கு மேல என்ன அதிர்ஷ்டம் வேணும்?"

அதில் பாதி தமிழ், பாதி மலாய். லீ சாமுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ஆனால் அவள் மயிலம்மாளை நிஜமாகவே பார்த்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற அந்த உயரத்தை அடியிலிருந்து முடிவரை பார்த்தாள். பாதையில் ஆடி ஆடி வருகிற மஞ்சள் குடையையும் ஒரு தரம் பார்த்தாள். பிறகு குறுக்கே நீட்டியிருந்த கையை எடுத்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

அத்தனை அவசரத்திலும் மயிலம்மாள் ஒரு காரியம் செய்தாள். வலது காலை முதலில் எடுத்துவைத்தாள்.

உள்ளே போனவள் யோக் லானின் அடிவயிற்றில் உள்ளங்கையை அழுத்தி வட்டமாகப் பிசைந்தாள். கருப்பை தளர்ந்து கொழகொழவென்று கிடந்தது. "புள்ளையைக் கொண்டா, மார்ல போடு!" என்று கத்தினாள். லீ சாம் ஓடிவந்து போட்டாள். அந்தப் பிள்ளை, பிறந்து ஒரு நாழிகை ஆகவில்லை, வாயை வைத்ததும் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றது. மயிலம்மாள் பிசைந்துகொண்டே இருந்தாள். தோள் கழன்றுவிடும் போலிருந்தது. விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவள் கைக்கு அடியில் அது இறுகி, தேங்காய் மாதிரி உருண்டு கெட்டியானது. ரத்தம் ஊற்றாக வந்தது கசிவாகி, கசிவும் அடங்கியது. யோக் லான் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள்.

அப்போதுதான் குடை வாசலுக்கு வந்து மடங்கியது. தவுக்கே மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு, தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, தன் அதிர்ஷ்டத்தையெல்லாம் ஒரே அடியில் இறக்கத் தயாராகக் காலைத் தூக்கினாள். லீ சாம் எதிரே போய் நின்று, தலையைக் குனிந்து, ஒருத்தி ஏற்கெனவே மிதித்துவிட்டாள் என்று சொன்னாள். தவுக்கே மனைவி உள்ளே எட்டிப் பார்த்தாள். ரத்தக் கையோடு தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த மயிலம்மாள் கண்ணில் பட்டாள்.

"இவளா? உன் சுய் போவா?" என்றாள். பெடாஸ் வரைக்கும் லீ சாம் அந்தப் பேரைப் பரப்பி வைத்திருந்தாளே.

"ச்சோய்!"

லீ சாம் அதைச் சொன்ன வேகத்தில் தவுக்கே மனைவியின் முகத்திலேயே இரண்டு சொட்டு எச்சில் தெறித்தது. "தாய் காட் லெய் சி! என் வீட்டு வாசல்ல நின்னுட்டு என் பேத்திக்கு வாசல் மிதிச்சவளை அந்த மாதிரி சொல்லாதே!"

இவ்வளவு கண்டனீஸில் மயிலம்மாளுக்குப் புரிந்தவை காதுக்குப் பழகிய அந்தச் சில சொற்கள்தான். ஆனால் அந்த ச்சோய் யாரைக் காப்பாற்ற, யார் மேல் துப்பப்பட்டது என்பது நன்றாகவே புரிந்தது. அவள் சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். அப்படி ஒரு பெருமை அவளுக்குக் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

லயத்துக்கு வந்து யாரிடமும் மூச்சுவிடவில்லை. தானே போய்ச் சொல்லி வாங்குவதற்குப் பேர் பேரா? மறுநாள் வழக்கம்போல் மண்வெட்டப் போனாள். சொன்னால் நம்பமாட்டார்கள் என்பதும் ஒரு காரணம்.

முப்பதாம் நாள் காலையில், பெரட்டுக் கலைந்து சனங்கள் குழாயடியில் கூடியிருந்த நேரத்தில், லீ சாம் பேத்தியை முதுகில் கட்டிக்கொண்டு லயத்துக்குள் நடந்து வந்தாள். அந்தக் குடும்பத்தில் ஒருவரும் அதுவரை லயத்துப் பக்கம் வந்ததில்லை. பெண்கள் குடத்தை அப்படியே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். மாரியம்மாவின் புருஷன் முனியாண்டி வாயில் வேப்பங்குச்சியோடு நின்றான். பக்கத்தில் நிறைமாச வயிற்றோடு மாரியம்மா.

லீ சாம் நேராக மயிலம்மாளிடம் வந்து, மடியிலிருந்து ஒரு முட்டையை எடுத்தாள். வேகவைத்த கோழிமுட்டை. சாயத்துக்கு எங்கே போவாள்? சிவப்புக் காகிதத்தை நனைத்துத் தேய்த்துச் சிவப்பாக்கியிருந்தாள். பிள்ளைக்கு மாசம் நிறைந்தால் சிவப்பு முட்டை கொடுப்பது அவர்கள் முறை. இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினாள்.

"இது முதல் முட்டை. மொதல்ல இவளுக்குத்தான்," என்று எல்லாருக்கும் கேட்கும்படி மலாயில் சொன்னாள். "புள்ளை உட்கார்ந்துகிட்டு வந்துச்சு. இவ எடுத்தா. அம்மாக்காரி செத்துக்கிட்டு இருந்தா. இவ புடிச்சு நிறுத்தினா. என் வீட்டை மிதிச்சது இவ கால். இப்ப புள்ளை இவளை மாதிரிதான். ராத்திரி பகல் கத்துது, யார் பேச்சும் கேக்கல, புடிச்சா விடறதில்லே." சொல்லிவிட்டுப் பெருமையோடு முதுகைத் திருப்பிக் காட்டினாள். சொல்லிவைத்த மாதிரி அந்தப் பிள்ளை ஒரு கத்தல் கத்தியது. குழாயடி சிரித்தது.

முட்டையைக் கண்ணால் பார்த்து எட்டு மாசமானவர்கள் சுற்றி நின்றார்கள். மயிலம்மாள் எப்போதும் கையில் இருப்பதைக் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்துவிடுகிறவள். அன்றைக்குக் கொடுக்கவில்லை. குழாயடியின் நடுவில், அத்தனை பேர் பார்க்க, ஓட்டை உரித்து, வெள்ளைக் கருவும் மஞ்சள் கருவுமாக அந்த முழு முட்டையையும் நிதானமாகச் சவைத்துத் தின்றாள். ஒரு துணுக்கு யாருக்கும் இல்லை. பசி என்று நினைத்தவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

கடைசி வாய் இறங்கியதும் மாரியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். முந்தானையை ஒதுக்கினாள். மயிலம்மாளின் வலது கையைப் பிடித்துத் தன் வயிற்றுப் பக்கம் இழுத்தாள். விரலெல்லாம் சிவப்புச் சாயம்.

"இருடி, கையைக் கழுவிட்டு வர்றேன்," என்றாள் மயிலம்மாள்.

"கழுவாதீங்கக்கா," என்றாள் மாரியம்மா. "அப்படியே வைங்க."